பினாயில் ஊற்றிய குழி

உ

திண்டுக்கல், பேகம்பூர்
20.7.86

சௌபாக்கியவதி சிவனம்மாளுக்கு உன் கணவன் ஆவுடையப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நான் சௌக்கியம். அங்கு உன் உடம்பும், உன் அண்ணன் சடையாண்டி, மதினி அறிவுச்செல்வி ஆகியோர் சுகமும் அறிய ஆவல்.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நீ கீரனூர் போய் இன்றோடு நாலு வாரம். கர்ப்பப்பையை எடுத்த உடம்புக்கு ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் ஓய்வை நம் வீட்டிலும் எடுத்திருக்கலாம். போகட்டும்.

இப்போது எழுதுவது உன் கொல்லைப்புறத்தைப் பற்றி. இருபத்தாறு வருஷத்தில் நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. தோல் பதனிடுகிற தோல்ஷாப் பக்கமிருந்து காற்றடித்தாலே ஜன்னலைச் சாத்துகிற ஆள் நான். சாணியும் அழுகின தழையும் கிடக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை? ஆனால் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏண்ணே, செடியெல்லாம் தலை தொங்கிப்போய்க் கெடக்கு. மதினி வந்தா என்ன பதில் சொல்லுவீக?" என்று கேட்டுவிட்டது. மானம் போயிற்று. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கத்தரிக்காய் ஒன்றைத் திருப்பினால் உள்ளே புழு! வெள்ளையாக, கொழுகொழுவென்று. சீ, கருமம். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

எனக்குச் செடி விஷயம் ஒரு இழவும் தெரியாது. பத்திர ஆபீசில் எழுதத் தெரியும், அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. எப்போது வருகிறாய் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

---

கீரனூர்
29.7.86

மாமாவுக்கு சிவனம்மாள் வணக்கம். நான் நலம். அண்ணன், மதினி நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தண்ணீரைச் சாயங்காலம் ஊற்ற வேண்டும், வேரில் மட்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதையே தினமும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். குழாய் வருகிற நாளில் ஒரு அண்டா பிடித்து வைத்து அதைக் கலந்து ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் எல்லாச் செடிக்கும் நல்லது. மெஸ்ஸில் சாப்பிட்டால் அரிசி கழுவ வழியில்லை, ஒரு வேளையாவது சோறு வடியுங்கள். சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாம்.

கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் அந்தத் தண்டுக்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரல்கடை கீழே கிள்ளி எடுத்து நெருப்பில் போடுங்கள். புழு விழுந்த காயையும் அப்படியே.

ஆடி மாதம் தாண்டினால் அவரையும் புடலையும் போட முடியாது. விதை, அடுப்பு மேடைக்கு மேலே சின்னக் கலயத்தில் சாம்பலுக்குள் இருக்கிறது. முழ அகலத்தில் குழி தோண்டி, சாணி உரமும் மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலு விதை ஊன்றுங்கள்.

சிவனம்மாள்

---

உ

திண்டுக்கல்
10.8.86

சௌ. சிவனம்மாளுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். உன் கார்டு கிடைத்தது. இனிமேல் கார்டில் எழுதாதே. தபால்காரர் சௌகத் அலி வாசலிலேயே, "என்ன சார், சாணி கலந்தாச்சா?" என்று கேட்கிறார். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

கலந்தேன். எப்படிக் கலந்தேன் என்பதையும் கேள். சாணிக்காக மாட்டுக்காரர் இஞ்ஞாசி வீட்டுக்கு நானே வாளியோடு போனேன். அவர் அப்போதுதான் விழுந்ததைக் கையாலேயே அள்ளிப் போட்டு, அதே கையால் எனக்கு வெற்றிலை நீட்டினார். உவ்வே! வீட்டுக்கு வந்து கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, கொட்டாங்கச்சி அகப்பையால் கலந்தேன். இரண்டு தடவை ஓங்கரித்தேன். மூன்றாவது தடவை காலையில் குடித்த காப்பி வந்துவிட்டது. அவ்வளவும் கிருமி அல்லவா? அதற்காக, குழி ஒன்றுக்கு ஒரு மூடி பினாயில் ஊற்றி, ஒரு நாள் ஆற வைத்து, பிறகுதான் விதை ஊன்றினேன். எல்லாம் சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை. உன் விதைதான் பழசு என்று நினைக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை.

ஆவுடையப்பன்

---

கீரனூர்
18.8.86

மாமாவுக்கு வணக்கம். நலம். அங்கே மழை உண்டா?

உங்கள் கடிதத்தை மதினி வாசித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பினாயில் ஊற்றிய குழியில் புல்லுகூட முளைக்காது. விதை பழசில்லை. போன தையில் என் கையால் காயவைத்து எடுத்தது. பச்சைச் சாணியும் போடக்கூடாது, சூட்டில் விதை வெந்துவிடும், புழுவும் வைக்கும். ஒரு வருஷம் மக்கினதாக வாங்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பொடியாக உதிர வேண்டும், நாற்றமே இருக்காது. கையில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். பாலிதீன் பைக்குத் தெரியாது.

அந்தக் குழிகளை மூடிவிட்டு, நாலு முழம் தள்ளிப் புதுக்குழி எடுங்கள். புடலை விதைக்கு ஓடு கெட்டி, ஒரு ராத்திரி ஊறப்போட்டு ஊன்றுங்கள். ஆடி போய்விட்டது, ஆனாலும் ஆவணி முதல் வாரத்துக்குள் போட்டால் வரும். தினமும் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு அளவுக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். மண்ணுக்குள் புழு பூச்சி இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டுச் செடி வளர்க்க முடியாது.

சிவனம்மாள்

---

உ

திண்டுக்கல்
14.9.86

சௌ. சிவனம்மாளுக்கு. நான் நலம், உன் நலம் அறிய ஆவல். இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

முளைத்துவிட்டது! அவரை ஏழு, புடலை ஐந்து. அவரை முளை இரண்டு இலையைக் கூப்பிக்கொண்டு மண்ணை முட்டிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். ரம்ஜான் பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, அண்ணன் கைக்கும் மொளைக்குதே!" என்று வாயில் கை வைத்துக்கொண்டது. மக்கின சாணியை வெறுங்கையால் தேய்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் ஏறிக்கொண்டது. அதன் பிறகு கையைப் பதினோரு தடவை கழுவினேன், சாப்பிடும்போது ஸ்பூன் வைத்துக்கொண்டேன். அருவருப்புப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தேன். சோறும் வடிக்கிறேன், குழைந்துதான் போகிறது. கயிறும் சவுக்குக் கம்பும் வாங்கிப் பந்தல் போட்டாயிற்று.

ஆனந்த்ராஜ் ஆவடியிலிருந்து எழுதியிருக்கிறான். "அம்மா ஏன் இன்னும் மாமா வீட்டிலேயே இருக்கிறார்கள்?" என்று மகன் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்து இன்னொரு ஆறு வாரமும் போய்விட்டது. உனக்கு ஸ்பெஷல் வார்டு எடுத்தேன். பெரிய டாக்டரை வைத்து ஆபரேஷன் பண்ணினேன். தினமும் இரண்டு வேளை வந்து பார்த்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று நீ இதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்.

ஆவுடையப்பன்

---

கீரனூர்
9.10.86

மாமாவுக்கு வணக்கம். நீங்கள் நலமா? பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்றே நாள் போயிற்று. கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பகல். ஸ்பெஷல் வார்டு மறுநாள்தான் கிடைத்தது, அன்றைக்குப் பொது வார்டில்தான் இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு வாந்தி வந்தது. தையல் போட்ட வயிறு, எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே எடுத்துவிட்டேன். தலைமுடி, கழுத்து, தலையணை எல்லாம் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த உங்களைப் பிடிக்கக் கையை நீட்டினேன். நீங்கள் ரெண்டு எட்டு பின்னால் போனீர்கள். வாசலில் நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "ஆயா எங்க? ஆயா!" என்று கத்தினீர்கள். பிறகு ஆயாவைத் தேடப் போனீர்கள். ஆயா வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நீங்களும் அதுவரைக்கும் வரவில்லை.

அந்த ஒரு மணி நேரமும் நான் அதிலேயே கிடந்திருப்பேன். அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த முத்துப்பேச்சி, அய்யலூர்க்காரி, முன்னேபின்னே தெரியாதவள், தன் முந்தானையாலேயே என் வாயைத் துடைத்தாள். "அழுவாதத்தா, இதுல என்ன இருக்கு?" என்றாள். ஆயா வந்து போன பிறகு நீங்கள் வாசலில் நின்றபடியே, "சுத்தம் பண்ணியாச்சா?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்கு எனக்கு அருவருப்பாக இருந்தது. வாந்தியைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து. இன்னும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு வந்து உங்கள் முன்னால் தட்டை வைத்து உட்கார எனக்கு முடியாது.

அவரையில் பூ வைக்கும்போது கருப்புப் பேன் விழும். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

சிவனம்மாள்

---

உ

திண்டுக்கல்
2.11.86

அன்புள்ள சிவனம்மாளுக்கு, நலம், நலமறிய ஆவல். நேற்று தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், மெஸ் மூடியிருந்ததால் நானே சமைத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. சட்டைப் பையிலேயே இருக்கிறது. படித்தேன்.

நீ சொன்னபடியே பேன் விழுந்தது. கொழுந்து முழுக்கக் கருகருவென்று அப்பிக்கொண்டு, தொட்டால் பிசுபிசு என்று, அடச்சீ! நம் வீட்டில் காஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போக? ரம்ஜான் பீவி வீட்டு அடுப்பிலிருந்து ஒரு முறம் வாங்கித் தூவினேன். பாதிதான் உதிர்ந்தது. மிச்சத்தை என்ன செய்தேன் தெரியுமா? விரலால் வழித்து நசுக்கினேன். இந்த விரலால்! மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி வந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன். அறுபத்து மூன்று. நான் குமட்டிக்கொண்டேதான் செய்தேன், ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. புடலைப்பிஞ்சு சுருண்டுபோகாமல் நீளமாக வர, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொல்லி இஞ்ஞாசி காட்டிக் கொடுத்தார். இப்போது பந்தலில் பத்துக் காய், ஒவ்வொன்றும் என் கை நீளம்.

இந்த மனுஷனா அந்த மனுஷன் என்று நீயே கேட்பாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு இதற்கு மேல் நான் என்ன பதில் சொல்ல? வருகிற ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காய் கொண்டு வருகிறேன். துணிமணியை எடுத்து வை, கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ஆவுடையப்பன்

---

கீரனூர்
17.11.86

மாமாவுக்கு வணக்கம். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் எழுதவில்லை. சேர்ந்திருப்பீர்கள்.

எட்டுப் புடலங்காயும் ஒரு பை அவரைக்காயும் கொண்டு வந்தீர்கள். அண்ணன் அசந்துபோய்விட்டார். "ஏனுங்க மச்சான், இதெல்லாம் நீங்களா வெளைய வெச்சீங்க? நம்பவே முடியலீங்களே!" என்றார். அவர் காட்டுக்குக் கிளம்பும் வரைக்கும் அரை மணி நேரம் கம்பளிப்பூச்சி பிடித்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதினியிடம் என் பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்டேன்.

பத்து மணிக்கு மதினி வெந்நீரும் பஞ்சும் கொண்டு வந்தாள். நான் கடிதத்தில் ஒரு நாளும் எழுதாததை அன்றைக்குத்தான் நீங்கள் பார்த்தீர்கள். தையல் போட்ட இடத்தில் ஒரு விரல்கடைக்கு இன்னும் ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று பழனி ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். சீழ் வருகிறது, தினமும் கட்டு மாற்ற வேண்டும். நலம், நலம் என்று நான் எழுதினதெல்லாம் பொய். படித்தாலே உங்களுக்குக் குமட்டும் என்றுதான் எழுதவில்லை.

மதினி பஞ்சை எடுத்ததும் நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள். பிறகு, "கத்தரி நல்லாப் புடிச்சிருக்கே, செத்த நேரம் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து கொல்லைக்குப் போனீர்கள். தண்ணீரைக் கொட்டிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வந்தீர்கள். என் கட்டிலில் உட்காரவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். இரண்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பினீர்கள். பெட்டியைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புழுவைத் தொடுகிறீர்கள், சாணியைத் தொடுகிறீர்கள். உங்களுக்கு நல்ல கைராசி. அந்தக் கை செடிக்கே இருக்கட்டும். இனி தோட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை, உங்களுக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. நான் வரவில்லை. மகனுக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

சிவனம்மாள்

---

திண்டுக்கல்
27.11.86

சிவனம்மா,

ஆசீர்வாதம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நலம் என்று எழுதவும் முடியவில்லை.

அன்றைக்கு நான் கத்தரிச் செடியைப் பார்க்கவே இல்லை. அதன் தூரில் குனிந்து வாந்தி எடுத்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். உன் அண்ணன் வீட்டுக் கொல்லையில் திருடன் மாதிரி நின்றேன்.

பயந்துபோய் எழுந்து போனேன் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பயம் இல்லை, அருவருப்புதான். நாற்றம் வந்தது, சீழைப் பார்த்தேன், ஓடினேன். ஆஸ்பத்திரியிலும் அதேதான். ஆயா அன்றைக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டாள். அவளை அனுப்பாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றேன், அவளைக் கூட்டி வந்தால் நானும் கூடவே உள்ளே வந்து உன்னைப் பிடிக்க வேண்டியிருக்குமே என்று. இதை எந்தச் சாமிக்கு முன்னாலும் நான் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம் எனக்குச் சோறு போட்டவள், காய்ச்சலில் கிடந்தபோது என் சட்டியை எடுத்துக் கொட்டினவள். உன் புண்ணைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேன். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது, சிவனம்மா. பினாயில் போட்டுக் கழுவினாலும் போகிற அழுக்கா இது?

கம்பளிப்பூச்சி பிடித்த கதையைப் பெரிதாகச் சொன்னேனே, அதை நினைத்து வெட்கப்படுகிறேன். பூச்சிக்கு என் முகம் தெரியாது. நான் சுளித்தால் அதற்கென்ன? நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. வருகிற ஆறாம் தேதி சனிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு மதினியைக் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சொல். நான் பிரிக்கிறேன். குமட்டாது என்று சத்தியம் செய்ய முடியாது, நிச்சயம் குமட்டும். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு வந்து கட்டுகிறேன். அதற்குப் பிறகும் நீ வர வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிப் போடு, வர மாட்டேன்.

ஆவுடையப்பன்

---

கீரனூர்
2.12.86

மாமாவுக்கு வணக்கம். அண்ணன், மதினி நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புண் அப்படியேதான் இருக்கிறது.

கட்டு மாற்றுவது காலை பத்து மணிக்கு. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பழனியில் இறங்கிக் கீரனூர் பஸ் ஏறி நேரத்துக்கு வர முடியும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், குமட்டல் அதிகமாகும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு தடவை நன்றாகக் கழுவினால் போதும். பழைய பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுக்காதீர்கள், எனக்கு உயிர் போகும். வெந்நீரில் நனைத்து ஊறவிட்டு, மேலிருந்து கீழாக எடுங்கள். சீழை உள்ளேயிருந்து வெளியே துடைக்க வேண்டும். ஒரு தடவை துடைத்த பஞ்சால் மறுபடி துடைக்கக் கூடாது. மருந்து தடவிப் புதுப்பஞ்சு வைத்து, இறுக்காமல் கட்ட வேண்டும்.

நடுவில் குமட்டினால் எழுந்து வெளியே போங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் கட்டு பிரித்தபடியே படுத்திருப்பேன். சீக்கிரம் உள்ளே வந்துவிடுங்கள்.

சிவனம்மாள்